நேரம் முடிந்தது என்று சொல்பவன்

ஆடக் கூடாது, பேசக் கூடாது, உட்காரவும் முடியாது, ஆனால் நாள் முழுக்க நின்றபடி இரண்டு பக்கமும் திட்டு வாங்க ஒரு ஆள் வேண்டும் என்று செஸ் உலகம் யோசித்து உண்டாக்கிய பதவிக்குப் பெயர் ஆர்பிட்டர். நல்ல தமிழில் நடுவர். எங்கள் மதுரையில் "அந்தக் கிளாக்கு சாரக் கூப்புடு." வார நாட்களில் ஒரு தனியார் கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாக இருக்கும் நான், சனி ஞாயிறுகளில் இந்தக் கிளாக்கு சாராக இருபது வருஷம் நின்றிருக்கிறேன்.

பரீட்சை ஹாலில் ஒருவன் கடைசி வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேப்பரைப் பிடுங்கிய வாத்தியார்கள், பத்து மணி பத்துக்கு வருகைப் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிய ஹெட் கிளார்க்குகள், வரிசையில் அடுத்து நிற்பவர் முகத்தைப் பார்க்காமலே கவுன்டரை மூடியவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். மற்றவர்கள் நம்மை மனசாட்சி இல்லாதவர்கள் என்று நினைப்பார்கள். சில நாள் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாண்டிச்செல்வியின் விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கீழக்குயில்குடிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். ஆரப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அவளுக்கு வேண்டியிருந்தது மாவட்டப் போட்டியில் முதல் நான்கு இடங்களில் ஒன்று. நாலுக்குள் வந்தால் மாநிலப் போட்டி. அங்கே ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பு முடிய அந்த ஒரு வருஷம்தான் பாக்கி இருந்தது. நடந்ததை நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் முதலில் மற்ற சிலதைச் சொல்லிக்கொள்கிறேன்.

தட்டாத பொத்தான்

செஸ் கடிகாரம் பார்த்திராதவர்களுக்கு: ஒரே பெட்டியில் இரண்டு கடிகாரம் இருக்கும். காயை நகர்த்திவிட்டு உங்கள் பக்கத்துப் பொத்தானைத் தட்டினால் உங்கள் நேரம் நிற்கும், எதிராளி நேரம் ஓடும். தட்ட மறந்தால் எதிராளி யோசிக்கும் நேரமும் உங்கள் கணக்கில்தான் கழியும். மறந்துவிட்டீர்கள் என்று எதிராளி சொல்ல வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் சொல்லக் கூடாது. நடுவரும் சொல்லக் கூடாது என்று விதியில் தனியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

வில்லாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ராஜாமணி அண்ணன் ஒருநாள் அருமையாக ஒரு காயை நகர்த்திவிட்டு, கைகட்டி, சாய்ந்து உட்கார்ந்து, எதிராளி திணறுவதை ரசிக்க ஆரம்பித்தார். பொத்தானைத் தட்டவில்லை. எதிரே இருந்த பையன் ஒருதரம் கடிகாரத்தைப் பார்த்தான், அப்புறம் ரொம்ப ஆழமாக யோசிப்பதுபோலக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டான். இருபத்திரண்டு நிமிஷம். நான் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். அண்ணன் நடுவே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, 'பாத்தீங்களா, எப்படி மடக்கிட்டேன்' என்பதுபோலச் சிரிக்கவும் செய்தார். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

நேரம் தீர்ந்ததும் நான்தான் போய்ச் சொன்னேன். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "இம்புட்டு நேரமும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னீகளே சார், சும்மா ஒரு இருமல் இருமித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

ஜும்மா நேரத்து யோசனை

அதே ராஜாமணி அண்ணனும் காஜா பாயும் மோதிய ஆட்டம் ஒன்று. காஜா பாய் தெற்கு மாசி வீதிப் பக்கம் பை, பெட்டி ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். அன்றைக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. ரவுண்டு பதினொன்றரைக்கு ஆரம்பித்ததால் ஜும்மாத் தொழுகை ஆட்டத்தின் நடுவில் வந்து விழுந்தது. பாய் என்னிடம் வந்து, "சார், அரமணி நேரம் கிளாக்க நிறுத்தி வைக்க வழி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் கடிகாரம் ஓடும். "இன்ஷா அல்லா, பாத்துக்கலாம்" என்று தன் யானையால் அண்ணனின் யானையை வெட்டிவிட்டு, பொத்தானைத் தட்டி, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ராஜாமணி அண்ணன் பதிலுக்கு அந்த வெட்டிய காயைத் திருப்பி வெட்ட வேண்டும். வேறு வழியே இல்லை, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட அதைத்தான் செய்யும். வெட்டிவிட்டுப் பொத்தானைத் தட்டினால் பாயின் நேரம் காலி இடத்தில் கிடந்து ஓடும். ஆனால் அண்ணன் கையைத் தூக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார், கை நகத்தைப் பார்த்தார், ஒருதரம் கண்ணை மூடிக்கூட உட்கார்ந்தார். முப்பத்தேழு நிமிஷம் தன் நேரத்தையே கரைத்துவிட்டு, பாய் வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்த பிறகுதான் அந்தக் காயை வெட்டினார். கடைசியில் நேரம் போதாமல் தோற்றதும் அவர்தான்.

நான் அவரைத் தனியே கூப்பிட்டு, எதற்கு அண்ணே இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். விதிப்புத்தகத்தை அவ்வளவு காலம் நான் படித்திருக்கிறேன், அதற்குள் இப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "யோசிச்சுக்கிட்டு இருந்தேன் சார். ஏன், யோசிக்கக் கூடாதுன்னு எதும் ரூலு போட்டிருக்கீகளா?"

மொய்க் கவரில் ஒரு குதிரை

ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி இன்னொரு நாள் தொடர்வது இப்போது அநேகமாக எங்குமே கிடையாது. விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர்க் கிளப் ஆட்டத்தில் மட்டும் அதை விடாமல் வைத்திருந்தோம், காரணம் வண்டியூர்ப் பக்கத்தில் எங்களுக்குக் கிடைத்த மண்டபம். நாலு மணிக்கு அடுத்த விசேஷக்காரர்கள் அண்டாவோடு வந்து வாசலில் நிற்பார்கள்.

நிறுத்தும்போது யார் முறையோ அவர் அடுத்த நகர்த்தலைப் பலகையில் ஆடக் கூடாது. சீட்டில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, நடுவரிடம் தர வேண்டும். அப்போதுதான் எதிராளிக்கு வாரம் முழுக்க யோசிக்கிற வசதி கிடைக்காது. நடுவர் அதைப் படிக்கக் கூடாது. அன்றைக்குக் காஜா பாய் முறை. கவர் கொண்டுபோக மறந்துவிட்டேன். விசேஷக்காரர் ஒருவரிடம் கேட்டு மொய்க் கவர் வாங்கினேன், பிள்ளையார் படமும் ஒரு ரூபாய்க் காசும் ஒட்டியது. பாய் அதில் சீட்டைப் போட்டு ஒட்டித் தந்தார். வாரம் முழுக்க அது என் வீட்டு பீரோவில் இருந்தது.

அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் பிரித்தேன். குதிரை எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று எழுதியிருந்தார், எந்தக் குதிரை என்று எழுதவில்லை. இரண்டு குதிரைகளுமே அந்தக் கட்டத்துக்குப் போக முடியும். பொருள் தெளிவில்லாத சீட்டு என்றால் எழுதியவர் தோற்றார், அதுதான் விதி. ஜெயிக்கிற நிலையில் இருந்த ஆட்டம். எதிராளியே சங்கடப்பட்டு, அவர் நினைத்ததை ஆடட்டும் சார், என்றார். நான் விதிப்புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினேன். பாய் சண்டை போடவில்லை. சீட்டை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாரம் பூரா என் மனசுல அந்த ஒத்தக் குதிரதான் சார் நின்னுச்சு. இன்னொண்ணு பக்கத்துலயே நிக்குதுங்கிறதையே மறந்துட்டேன்."

ஆரப்பாளையத்தில் ஜப்பான்

ஜப்பானில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய சதீஷ், அந்த ஊர் செஸ்ஸான ஷோகியைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் ஹாலில் ஆறு பேரைச் சேர்த்து ஆட்டம் வைத்தார். நேரம் பார்க்க என்னைக் கூப்பிட்டார். அங்கே கையிலுள்ள நேரம் தீர்ந்தவுடன் ஆட்டம் முடிந்துவிடாதாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது வினாடி உண்டு. நேரம் பார்க்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து, இருபது என்று சத்தமாகச் சொல்லி, கடைசிப் பத்தை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

இருபது வருஷம் வாயைத் தைத்துக்கொண்டு நின்றவனுக்கு இது புது அனுபவம். "பத்து... இருபது... ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நான் எண்ண, லாட்ஜ் வாட்ச்மேன் கதவைத் தள்ளித் தலையை நீட்டி, "எந்த வண்டிய ஏலம் விடுறீக?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எண்ணிக்கொண்டே போனேன். எட்டு, ஒன்பது என்று நான் சொல்லும்போது ஆடுகிறவரின் கை விருட்டென்று நீண்டு காயை வைத்துவிடும். சொன்னால் மனிதர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவுதான் விஷயம்.

இரண்டு நாள் நடக்கும் பெரிய ஆட்டங்களில் அவர்களும் சீட்டு எழுதி ஒட்டுவார்களாம். ஆனால் பலகையின் படத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். நகர்த்தப்போகிற காயைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, போகிற கட்டத்துக்கு அம்புக்குறி போட்டால் போதும். சதீஷ் அதை வரைந்து காட்டியபோது காஜா பாயும் பக்கத்தில் இருந்தார். அந்தச் சிவப்பு வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மனுசன் மறப்பான்னு தெரிஞ்சு ரூலு போட்டிருக்காங்க சார். நம்மாளுக, மனுசன் மறக்கவே மாட்டான்னு நெனச்சுப் போட்டிருக்காங்க."

ஒன்பதே முக்கால்

இனித் தள்ளிப்போட முடியாது.

மாவட்டப் போட்டி, சனி ஞாயிறு இரண்டு நாள், ஒரு கல்யாண மண்டபத்தில். தலைமை நடுவர் நான். சனிக்கிழமை முடிந்தபோது பாண்டிச்செல்வி நான்காவது இடத்தில் இருந்தாள். ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கடைசி ரவுண்டு. அதில் டிரா செய்து அரைப் புள்ளி எடுத்தாலே போதும். ஆரம்பித்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் நாற்காலிக்கு வராதவர் ஆடாமலே தோற்றவர் என்று அறிவித்திருந்தோம். செல்போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசல் மேசையில் கொடுத்துவிட வேண்டும், போனை வரும் வழியிலேயே அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவித்தோம். அறிவித்த குரல் என்னுடையது. நானும் என் போனைப் பையில் போட்டுப் பூட்டிவிட்டேன். ஹாலுக்குள் நேரம் சொல்ல இருந்தது சுவரில் மாட்டியிருந்த மண்டபத்துக் கடிகாரம் ஒன்றுதான்.

கடைசி ரவுண்டு என்பதால் எல்லாரும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுவரில் ஒன்பதரை ஆனதும் ஆரம்பித்தேன். செல்வி நாற்காலி மட்டும் காலி. எதிரே இருந்த கல்லூரி மாணவன் என்னைப் பார்த்தான், நான் சுவரைப் பார்த்தேன். ஒன்பதே முக்காலுக்கு அவள் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டு அந்த மாணவனிடம் கையெழுத்து வாங்கினேன். இரண்டு நிமிஷம் கழித்து மூச்சு வாங்க வந்தாள். "சார், நான் பஸ்ஸ விட்டு எறங்கையில ஒம்போதரதான இருக்கும்?" என்றாள். நான் சுவரைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தாள். தன்னைத்தான் சந்தேகப்பட்டாள், கடிகாரத்தை இல்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

கால் மணி நேரம் கழித்து மண்டப மேனேஜர் தோரணத்தோடு உள்ளே வந்தார். நானும் சும்மா பேச்சுக்கு, நாளைக்கு விசேஷமா என்று கேட்டேன். அவர் சுவரைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "ஆமா சார், நாளைக்கு முகூர்த்தம். அதான் காலைலயே கடிகாரத்தப் பத்து நிமிசம் முன்னால தள்ளி வச்சாச்சு, இல்லாட்டி நம்மாளுக மாப்பிள்ளைய மேடைக்குக் கொண்டாரதுக்குள்ள நேரம் தப்பிரும்."

அதற்குப் பிறகு நான் செய்தது

பையைத் திறந்து போனைப் பார்த்தேன். சுவர் பத்து நிமிஷம் முந்தியிருந்தது. ரவுண்டை நான் ஆரம்பித்ததே ஒன்பது இருபதுக்கு. செல்வி உள்ளே வந்தபோது உண்மையான நேரம் ஒன்பது முப்பத்தேழு. அறிவித்தபடி அவளுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

சரிசெய்ய எனக்கு அதிகாரம் இருந்தது. தவறு நடுவருடையது என்றால் நடுவரே திருத்தலாம். அந்த மாணவன் அப்பாவோடு பைக்கில் கிளம்பியிருந்தான், பதிவுத் தாளில் அவன் நம்பர் இருந்தது. கூப்பிட்டால் கால் மணி நேரத்தில் வந்திருப்பான். செல்வியும் எங்கேயும் போகவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன், மண்டபத்து வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

பயந்தேன், அவ்வளவுதான். ஹாலுக்கு வெளியே ஐம்பது பெற்றோர்கள். அதுவரை என் பேரில் ஒரு புகார்கூட வந்ததில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாத கிளாக்கு சார் என்று ஊர் பூராவும் வாட்ஸ்அப்பில் சுற்றும் என்று தோன்றியது. கையெழுத்தான தாளைத் திருத்தினால் மற்றவர்களும் கேட்பார்களே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். முடிவுகள் அப்படியே மேலிடத்துக்குப் போயின. செல்வி அரைப் புள்ளி குறைந்து ஐந்தாவது. தாளை ஒட்டியபோது பக்கத்தில் நின்ற ராஜாமணி அண்ணன் அவள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள லேட்டாவே வராதே சார்" என்றார்.

ஜெராக்ஸ் கடையில்

எட்டு மாதம் கழித்து, நடுவர் வகுப்புக்கு விதிப்புத்தகம் பிரதி எடுக்க வேண்டும் என்ற சாக்கில் அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மனுப் போடும் தேதியும் வயதும் இரண்டுமே அதற்குள் தாண்டியிருந்தன. "வாங்க சார்" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். மிஷினில் பக்கம் பக்கமாக வந்து விழுந்துகொண்டிருக்க, நான் எல்லாவற்றையும் சொன்னேன். முகூர்த்தம், மேனேஜர், பத்து நிமிஷம், போனைப் பார்த்தது, பார்த்தும் வாயைத் திறக்காமல் இருந்தது. தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

அவள் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டே, "தெரியும் சார்" என்றாள். வாசல் மேசையில் போனை வாங்கி ஆன் செய்ததுமே நேரத்தைப் பார்த்துவிட்டாளாம். அப்போதே உள்ளே வந்து கேட்டிருக்கலாமே அம்மா, என்றேன்.

தாள்களை ஸ்டேப்ளர் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்: "நானா வந்து கேட்டா, லேட்டா வந்தவ சண்ட போடுறான்னு ஆகிப்போகும் சார். உங்களுக்கா தெரிஞ்சா நீங்களே கூப்புட்டுருவீகன்னு நெனச்சேன், நீங்க ரூலு தப்ப மாட்டீகன்னு எல்லாரும் சொல்வாகள்ல. நீங்க கூப்புடுவீகன்னு பன்னெண்டு மணி வரைக்கும் அந்தப் படியிலயே உக்காந்திருந்தேன்."

ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஒரு வினாடிகூடக் கொடுக்காதவன் நான், எனக்கு அந்தப் பெண் இரண்டேகால் மணி நேரம் கொடுத்திருக்கிறாள்.